ஆன்லைன் கோர்ஸ் வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டேட்டா அனலிசிஸ் கற்றுக்கொண்டு அந்தப் பக்கம் வேலைக்கு மாற நினைக்கிறீர்கள். தேடினால் ஏறக்குறைய ஒரே பெயரில் நூற்றுக்கணக்கான கோர்ஸ்கள் வருகின்றன, எல்லாவற்றுக்கும் நாலரை நட்சத்திரம். ஏற்கெனவே இரண்டு வாங்கி, இரண்டும் பாதியில் நிற்கின்றன. மூன்றாவதை வாங்கும் முன் எதை வைத்து ஒப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் அலுவலகத்தில் ஆட்களுக்கு ஆன்லைன் பயிற்சி பார்த்துக் கொடுப்பது பல வருடமாக என் வேலையில் ஒரு பகுதி. எந்தக் கோர்ஸ் படித்தவர் மறுவாரமே அதை வேலையில் எடுத்துப் போட்டார், யார் சர்டிபிகேட்டோடு நின்றுவிட்டார் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன். எத்தனை மணி நேர வீடியோ, எத்தனை பாடம் என்ற கணக்கை ஓரமாக வையுங்கள். அந்தக் கோர்ஸ் உங்கள் கையால் என்ன செய்ய வைக்கிறது, செய்தது தப்பாக இருந்தால் யார் எப்படிச் சொல்கிறார்கள் என்ற இரண்டையும் ஒப்பிடுங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பாடம் இன்று விலைக்கு விற்கும் பொருளே இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடப் பொருள்களை இணையத்தில் இலவசமாகத் தரப்போவதாக 2001-லேயே அறிவித்தது. பள்ளிக் கணக்கு முதல் புள்ளியியல் வரை கான் அகாடமி என்ற இணையதளத்தில் காசில்லாமல் இருக்கிறது. ஹார்வர்டின் கணினி அறிவியல் அறிமுகக் கோர்ஸான சிஎஸ்50-ல் விரிவுரை மட்டுமல்ல, ஹோம்வொர்க்கும் அதைச் சரிபார்க்கும் வசதியும் இலவசம். நீங்கள் கற்க விரும்பும் எஸ்க்யூஎல் (அட்டவணைகளாகச் சேமித்த தகவலைக் கேட்டு எடுக்கும் மொழி), பைத்தான் (நிரல் எழுதும் மொழி), எக்செல் எல்லாவற்றுக்கும் யூடியூபில் நல்ல விளக்கங்கள் கிடைக்கின்றன. அப்படியென்றால் கோர்ஸுக்குக் கொடுக்கும் பணம் எதற்கு? வரிசைப்படுத்திக் கொடுப்பதற்கு, செய்ய வைப்பதற்கு, திருத்துவதற்கு, கெடு வைப்பதற்கு, சிலருக்குச் சர்டிபிகேட்டுக்கு. இவற்றில் எது எந்தக் கோர்ஸில் உண்மையாகவே இருக்கிறது என்று பார்ப்பதுதான் ஒப்பிடுதல்.

செய்வதன் பலனை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கென் கோடிங்கரும் உடன் ஆய்வாளர்களும் ஓர் இணைய உளவியல் கோர்ஸில் சேர்ந்தவர்களை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். வீடியோ பார்ப்பது, பக்கம் படிப்பது இவற்றைவிட, இடையில் வரும் பயிற்சிகளைச் செய்வதற்குக் கற்றலோடு ஆறு மடங்கு பெரிய தொடர்பு இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவர்களைவிடச் செய்துகொண்டே வந்தவர்கள் பரீட்சையிலும் நன்றாக எழுதினார்கள். கடையில் நமக்குக் காட்டப்படுவதோ வீடியோ மணிக்கணக்கு.

சரி, தேடுவதிலிருந்து வருவோம். கோர்ஸ் தளத்தில் போய்த் தேடாதீர்கள், அங்கே எது விற்கிறதோ அதுதான் மேலே வரும். முதலில் நீங்கள் போக விரும்பும் வேலைக்கான விளம்பரங்களை ஒரு இருபது எடுத்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். டேட்டா அனலிசிஸ் என்றால் எஸ்க்யூஎல், எக்செல், தகவலை வரைபடமாகக் காட்டும் பவர் பிஐ அல்லது டேப்லோ மென்பொருள், கொஞ்சம் புள்ளியியல், சில இடங்களில் பைத்தான் என்று வரும். இருபது விளம்பரத்தில் பதினாறில் எஸ்க்யூஎல் இருந்து, மூன்றில் மட்டும் மெஷின் லேர்னிங் இருந்தால், மெஷின் லேர்னிங் வரை எல்லாம் சொல்லித்தரும் அந்தப் பெரிய கோர்ஸ் இப்போது உங்களுக்கு வேண்டாம். "டேட்டா அனலிசிஸ் கோர்ஸ்" என்று தேடுவதற்கும், "எஸ்க்யூஎல், ஆரம்ப நிலை தெரியும், வேலைக்கான பயிற்சியோடு" என்று தேடுவதற்கும் வரும் முடிவுகளே வேறு.

பிறகு கிளாஸ் சென்ட்ரல் போன்ற தளத்தில் தேடுங்கள். 2011-ல் தொடங்கிய தளம் அது. கோர்செரா, எட்எக்ஸ், யுடெமி என்று பல இடங்களின் கோர்ஸ்களை ஒரே இடத்தில் போட்டுப் பார்க்கலாம். "இந்த ஆண்டின் தலைசிறந்த பத்து கோர்ஸ்கள்" மாதிரிக் கட்டுரைகளைப் படிக்கலாம், ஆனால் அதில் உள்ள லிங்க் வழியாக நீங்கள் வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன் போகும் ஏற்பாடு பரவலாக இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் அதைச் சொல்லியிருப்பார்கள். கமிஷன் வாங்குவதாலேயே பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. கமிஷன் வராத இலவசக் கோர்ஸ் அந்தப் பட்டியலில் வர வாய்ப்புக் குறைவு, அவ்வளவுதான். மூன்று பெயர் கிடைத்ததும் தேடுவதை நிறுத்துங்கள். நாற்பது டேப் திறந்து வைத்திருப்பவர் எதையும் சரியாகப் பார்ப்பதில்லை.

இனி அந்த மூன்றையும் ஒப்பிடும் வேலை. இதற்கு ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். நான் செய்யும் முறையை ஒரு உதாரணத்தோடு காட்டுகிறேன்.

எஸ்க்யூஎல் கோர்ஸ் என்றால் நான் நேராகப் போவது ஜாயின் பாடத்துக்கு, அதாவது இரண்டு அட்டவணைகளை இணைக்கும் இடத்துக்கு. அங்கேதான் கற்பவர்கள் தடுமாறுவார்கள், வேலையிலும் அங்கேதான் தப்பு நடக்கும். ஒருமுறை இரண்டு கோர்ஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதலாவதில் ஜாயினுக்கு ஏழு வீடியோ. மாணவர் பட்டியல் ஒன்று, பாடப் பட்டியல் ஒன்று, ஒவ்வொன்றிலும் ஐந்தே வரிசை. ஆசிரியர் டைப் செய்கிறார், விடை வருகிறது. கடைசியில் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் ஐந்து. பார்க்கும்போது எல்லாம் தெளிவாகப் புரிந்தது.

இரண்டாவதில் வீடியோ இரண்டுதான். ஆனால் ஒரு ஆர்டர் பட்டியலும் பணம் கட்டிய பட்டியலும் கொடுத்து, "இரண்டையும் இணைத்து மொத்த விற்பனையைக் கண்டுபிடியுங்கள்" என்று கேட்டிருந்தார்கள். சில ஆர்டர்களுக்கு வாடிக்கையாளர் இரண்டு தவணையாகப் பணம் கட்டியிருக்கிறார். சும்மா இணைத்தால் அந்த ஆர்டர் இரண்டு வரிசையாக வரும், தொகையும் இரண்டு முறை கூட்டப்படும். விற்பனை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், கம்ப்யூட்டர் எந்தத் தப்பும் சொல்லாது. அடுத்த கேள்வி, "உங்கள் மொத்தமும் ஆர்டர் பட்டியலின் மொத்தமும் ஏன் ஒத்துப்போகவில்லை?" இந்த ஒரு கேள்விக்காகவே அந்தக் கோர்ஸை வாங்கலாம். வேலையில் முதல் மாதம் இதே தப்பை எல்லோரும் செய்கிறார்கள். அதை இங்கேயே செய்து, இங்கேயே பிடிபட்டு, ஏன் என்று யோசித்தவருக்கு அது மறக்காது. வீடியோ நேரத்தை வைத்து ஒப்பிட்டிருந்தால் முதல் கோர்ஸ்தான் ஜெயித்திருக்கும்.

உங்கள் துறை எதுவாக இருந்தாலும் இப்படி ஒரு கடினமான இடம் இருக்கும். புகைப்படக் கலை என்றால் வெளிச்சம் குறைந்த அறை, கணக்குப் பதிவியல் என்றால் ஆண்டு முடிவுச் சரிக்கட்டுதல், மொழி என்றால் எதிரில் இருப்பவர் வேகமாகப் பேசும்போது புரிந்துகொள்வது. துறையில் இருக்கும் ஒருவரிடம் "புதிதாக வருபவர்கள் எங்கே அதிகம் தடுமாறுகிறார்கள்?" என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார். மூன்று கோர்ஸிலும் அந்த ஒரு பாடத்தை மட்டும் திறந்து பாருங்கள். இலவச மாதிரியாகக் காட்டப்படுவது பெரும்பாலும் முதல் பாடம், அதை எல்லோரும் அழகாகத்தான் எடுத்திருப்பார்கள். நடுப்பகுதி திறக்கவில்லை என்றால் இலவச முயற்சிக் காலத்தில் சேர்ந்து நேராக நடுவே போய்ப் பாருங்கள்.

கடைசி அசைன்மென்டையும் பாருங்கள். அதைப் படித்ததும் இப்போதே செய்துவிடலாம் என்று தோன்றினால் அந்தக் கோர்ஸ் உங்களுக்குத் தேவையில்லை. கேள்வியே புரியவில்லை என்றாலும் பரவாயில்லை, அதற்குத்தானே படிக்கப்போகிறீர்கள். ஆனால் இரண்டாம் வார அசைன்மென்டும் புரியவில்லை என்றால் அதற்குக் கீழே ஒரு படி வேண்டும். "முன்னறிவு எதுவும் தேவையில்லை" என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பிச் சேர்ந்து மூன்றாம் வாரத்தில் நின்றவர்கள் நிறைய. அவர்கள் தங்களுக்கு மூளை போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் பெரும்பாலும் தப்பு அவர்களுடையது இல்லை.

திருத்துவது யார் என்ற கேள்விக்கு நாலைந்து விதமாகப் பதில் வரும். தானாகத் திருத்தும் நிரல் இருந்தால் கோடிங்குக்கும் கணக்குக்கும் போதும். சக மாணவர்கள் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடும் முறை என்றால் யாருடைய கண்ணில் படுகிறது என்பதைப் பொறுத்தது. சிலர் ஊன்றிப் படித்து எழுதுவார்கள், பலர் ஒரு வரியில் "நன்று" என்று முடித்துவிடுவார்கள். எழுத்து, வடிவமைப்பு, பேச்சு மாதிரி விஷயங்களில் தெரிந்த ஒருவர் உங்கள் வேலையைப் பார்த்துக் குறை சொல்வது இல்லாமல் முன்னேறுவது கடினம். அந்த மாதிரிக் கோர்ஸ் விலை அதிகமாக இருக்கும், அந்த விலைக்கு ஒரு நியாயம் உண்டு. வாங்கும் முன் "ஒரு மாணவரின் வேலைக்கு நீங்கள் கொடுத்த திருத்தத்தின் மாதிரி ஒன்றைக் காட்ட முடியுமா?" என்று எழுதிக் கேளுங்கள். பதில் வருகிறதா, எத்தனை நாளில் வருகிறது என்பதே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

நட்சத்திரங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரிவ்யூ எழுதியவர்கள் எல்லோரும் உண்மையாகவே எழுதினார்கள் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஹார்வர்டில் லூயி டெலோரியேயும் மற்றவர்களும் இயற்பியல் வகுப்பில் செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஒரு பிரிவுக்கு மெருகான விரிவுரை, இன்னொரு பிரிவுக்குத் தாங்களே போராடிக் கணக்குப் போடும் வகுப்பு. தேர்வில் இரண்டாவது பிரிவினர்தான் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் கேட்டபோது அவர்கள் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். விரிவுரை கேட்டவர்களுக்கு நிறையக் கற்றதாகத் தோன்றியது. நட்சத்திரம் அளப்பது இந்த உணர்வைத்தான். போதாததற்குச் சில தளங்களில் கோர்ஸ் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மதிப்பீடு கேட்டுவிடுகிறார்கள். நாலரைக்கும் நாலு புள்ளி ஆறுக்கும் உள்ள வித்தியாசத்தில் எதுவும் இல்லை.

அதனால் ரிவ்யூவில் எண்ணைப் பார்க்காமல் எழுத்தைப் படியுங்கள். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் நல்லதையும் கெட்டதையும் சேர்த்து எழுதுவார்கள், அவர்களிடமிருந்து தொடங்குவேன். கடைசி மூன்று மாதத்தில் எழுதியவற்றை மட்டும் எடுத்துக்கொள்வேன். "அருமையான ஆசிரியர், எளிமையாகப் புரியவைத்தார்" என்பதைக் கடந்துபோய், "இதை முடித்து என் அலுவலகத்தில் இந்த ரிப்போர்ட்டைத் தயாரித்தேன்" என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுவேன். "அசைன்மென்ட் கஷ்டம், வீடியோவில் சொல்லாததைக் கேட்கிறார்கள்" என்ற புகாரைக் கண்டால் நின்று படியுங்கள். சில சமயம் அது மோசமான கோர்ஸ், சில சமயம் அதுதான் நல்ல கோர்ஸ். அசைன்மென்டை நீங்களே பார்த்திருந்தால் எது என்று தெரிந்துவிடும்.

பழைய சரக்கா என்று பார்ப்பது தொழில்நுட்பப் பாடங்களில் அவசியம். எனக்கே நடந்தது இது. பைத்தான் கோர்ஸ் ஒன்று வாங்கினேன். "சென்ற மாதம் புதுப்பிக்கப்பட்டது" என்று போட்டிருந்தது. மூன்றாவது பாடத்தில் ஆசிரியர் பிரின்ட் என்று எழுதி, அடைப்புக்குறி போடாமல் நேராக வாக்கியத்தை எழுதினார். அது பைத்தானின் பழைய பதிப்பான பைத்தான் 2-ன் எழுத்துமுறை. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது. புதிதாகக் கற்பவர் அதை அப்படியே டைப் செய்தால் தன் கம்ப்யூட்டரில் பிழைதான் வரும், ஏன் என்றும் தெரியாது. ஒரு சின்ன அறிமுக வீடியோவை மாற்றினாலே அந்தத் தேதி புதிதாகிவிடுகிறது. அதிலிருந்து நான் தேதியை நம்புவதில்லை. வீடியோவில் திரையில் தெரியும் மென்பொருளின் தோற்றத்தையும் பதிப்பு எண்ணையும் பார்க்கிறேன். கேள்வி பதில் பகுதியில் கடந்த ஒரு மாதத்தில் கேட்ட கேள்விகளுக்கு ஆசிரியர் பதில் சொல்லியிருக்கிறாரா என்றும் பார்க்கிறேன். "எனக்கு இந்தப் பட்டனே வரவில்லை" என்று பத்துப் பேர் கேட்டு, ஒன்றுக்கும் பதில் இல்லை என்றால் அந்தக் கடையைச் சாத்திவிட்டார்கள் என்று அர்த்தம். வரலாறு, அடிப்படைக் கணிதம், எழுத்துப் பயிற்சி மாதிரிப் பாடங்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். பத்து வருடம் பழையதும் நன்றாகவே இருக்கும்.

சர்டிபிகேட் விஷயத்தில் ஒரே ஒரு கேள்வி போதும்: யாரிடம் காட்டப்போகிறீர்கள்? வீடியோ எல்லாவற்றையும் ஓடவிட்டால் வரும் சான்றிதழ், கண்காணிப்போடு நடக்கும் தேர்வு எழுதினால் வருவது, பல்கலைக்கழகம் பட்டப்படிப்புக்கான கிரெடிட்டாக ஏற்பது, மூன்றும் ஒன்றல்ல. உரிமம் தேவைப்படும் தொழில்களில் அந்த உரிமம் கொடுக்கும் அமைப்பு ஏற்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள், விற்பவரிடம் கேட்காதீர்கள். உங்களுக்கு, டேட்டா அனலிசிஸ் வேலைக்கு, நீங்களே செய்த இரண்டு மூன்று வேலைகளைக் காட்டி விளக்க முடிவது சர்டிபிகேட்டைவிட உதவும். நேர்முகத் தேர்வுகளில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் இதைத் தயங்காமல் சொல்ல முடிகிறது.

விலை. வெட்டிக் காட்டப்படும் "அசல் விலை"யையும், கீழே ஓடும் கடிகாரத்தையும் கணக்கில் எடுக்காதீர்கள். யுடெமி மாதிரித் தளங்களில் தள்ளுபடி திரும்பத் திரும்ப வரும். இரண்டு வாரம் காத்திருந்தால் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. மாதச் சந்தா என்றால் கணக்கைப் போட்டே ஆகவேண்டும். "அறுபது மணி நேரம்" என்று போட்டிருந்தால், பயிற்சி செய்து, தடுமாறி, திரும்பப் பார்க்க அதைப் போல இரண்டு மடங்கு, நூற்று இருபது மணி என்று வையுங்கள். வேலைக்குப் போகிறவர் வாரத்துக்கு நாலு மணி ஒதுக்கினாலே பெரிது. முப்பது வாரம், ஏழு மாதம். மாதச் சந்தாவை ஏழால் பெருக்குங்கள். விளம்பரத்தில் "இரண்டே மாதம்" என்று இருக்கும், அது வேறு வேலை இல்லாதவருக்கு.

ரீஃபண்ட் விதியை வாங்கும் முன் படியுங்கள். ஒரே தடவை பணம் கட்டி வாங்குவதற்கு ஒரு விதி, சந்தாவுக்கு இன்னொரு விதி இருக்கும். யுடெமியில் பெரும்பாலான கோர்ஸ்களுக்கு 30 நாள். வாங்கிய அன்றே கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக போனில் அலாரம் வைத்து, அதற்குள் கடினமான அந்த நடுப் பாடத்தைச் செய்து பார்த்துவிடுங்கள். "வாழ்நாள் முழுவதும் பார்க்கலாம்" என்றால் அந்தத் தளத்தில் அந்தக் கோர்ஸ் இருக்கும்வரை என்றுதான் பொருள்.

பாதியில் நிற்பதைப் பற்றிக் குற்ற உணர்ச்சியோடு எழுதியிருந்தீர்கள். எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸில் நடத்திய இலவசக் கோர்ஸ்களின் 2012 முதல் 2018 வரையிலான பதிவுகளை ஜஸ்டின் ரீச், ரூய்பெரஸ்-வாலியென்டே என்ற இருவர் ஆராய்ந்து 2019-ல் எழுதினார்கள். 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் சொச்சம். சர்டிபிகேட்டுக்காகப் பணம் கட்டியவர்களில் 46 சதவீதம் முடித்தார்கள். காசு கட்டியதால் முடித்தார்களா, முடிக்கும் உறுதி உள்ளவர்கள்தான் காசு கட்டினார்களா என்று இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பணம் கட்டியவர்களிலும் பாதிக்கு மேல் நின்றுவிட்டார்கள். நீங்கள் தனியாள் இல்லை.

இதனால்தான் மூன்றில் இரண்டு சமமாகத் தெரிந்தால் நான் எப்போதும் சின்னதை எடுப்பேன். பத்து மணி நேரக் கோர்ஸை முடித்தவர் அடுத்ததைத் தேடுவார், எண்பது மணி நேரத்தில் பதினைந்தோடு நின்றவர் தேடமாட்டார். தேதி குறித்து, ஒரு குழுவாகச் சேர்ந்து நடக்கும் கோர்ஸுக்கும், எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதற்கும் இடையில் தயங்கினால், முன்பு தனியாகப் படித்து நின்றுபோனவர் கெடு உள்ளதையே எடுக்கலாம் என்பேன்.

வாங்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உங்களிடம் இருக்கும் அந்த இரண்டு கோர்ஸ்களையும் திறந்து, சரியாக எந்தப் பாடத்தில் நின்றீர்கள் என்று பாருங்கள். முதல் அசைன்மென்ட் வந்த இடத்தில் நின்றிருந்தால் திருத்த ஆள் இருக்கும் கோர்ஸாகத் தேடவேண்டும். அசைன்மென்டே இல்லாமல் வீடியோவாகவே ஓடி அலுத்து நின்றிருந்தால், அதே கோர்ஸை வைத்துக்கொண்டு பயிற்சியை மட்டும் வெளியில் தேடினால் போதுமாக இருக்கலாம், புதிதாக வாங்கவே வேண்டியிராது. இரண்டிலும் நின்ற பாடத்தின் பெயரை எழுதி அனுப்புங்கள். மூன்று பெயரைத் தேர்ந்தெடுத்ததும் அவற்றின் சிலபஸையும் சேர்த்து அனுப்பினால் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.